எடைமேடை

கருப்பூர் பிரிவு எடைமேடையில் வேலை எனக்கு.
லாரி ஏறும், சிவப்பு எண்கள் நடுங்கி நிற்கும்,
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
எம் சாண்ட், சாம்பல் கல், வெள்ளைக்கல், கம்பி:
ஊரார் வீடெல்லாம்
முதலில் என் ஜன்னலைக் கடந்துதான் போகிறது.

என் வீட்டுக் கிழக்குச் சுவரை மட்டும்
எடை போட முடியவில்லை.

ஏற்காட்டிலிருந்து இறங்குகிற மழை
ஐப்பசி முழுக்க அதன்மேல்தான் சாய்ந்தது.
சன்ஷேடுக்குக் கீழே காரை உப்பி,
தட்டினால் காலி டப்பா சத்தம்.
ஓரிடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி
செங்கல் தெரிகிறது.

"என்னத்தையாவது பூசுங்க,
ஆனா புகை கக்காததா பாத்துப் பூசுங்க" என்கிறாள் அம்சவேணி.
சத்துணவுக்கூடத்தில் விறகு போய் கேஸ் வந்த மாதம்
அவளுக்கு இருமல் நின்றது.
அதிலிருந்து எதைப் பார்த்தாலும்
இது எந்த அடுப்பில் வெந்தது என்று கேட்பாள்.

கடைக்காரர் குழந்தைவேலு
இலைப் படம் போட்ட பெயிண்ட் வாளியைத் தூக்கி வைத்தார்.
வாடையே வராது, பச்சை முத்திரை வாங்கினது என்றார்.
வாளி பிளாஸ்டிக்தானே என்றேன்.
குளிக்க ஆகும் என்றார்.

பெயர்ந்த கல்லுக்குச் சாம்பல் கல் வைக்கலாம்.
மண் தோண்ட வேண்டாம், சூளை வேண்டாம், சரிதான்.
மேட்டூரில் என் தங்கை பங்கஜவல்லி
மாடியில் வடகம் காயப் போடுவதில்லை.
அங்கே படிந்திருக்க வேண்டியது
கல்லாகி வருகிறதே என்று சந்தோஷப்படுவதா,
வாங்க ஆள் இருக்கிற தைரியத்தில்
கரி இன்னும் கொஞ்ச நாள் எரியும் என்று பயப்படுவதா.
அந்த லாரி ஏறும்போதெல்லாம்
இந்தக் கணக்கு இடிக்கிறது.

ஆற்று மணல் பேச்சே வேண்டாம்.
எம் சாண்ட் என்றால் மலை.
போன வருஷம் ஜன்னலில் தெரிந்த கரட்டின் தோள்
இந்த வருஷம் இல்லை.
எத்தனை டன் என் கையெழுத்தோடு போனது என்று
பழைய சீட்டுக் கட்டைப் பிரித்தால் தெரியும்.
பிரிக்கவில்லை.

சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்பு?
அதுவும் வெந்துதான் வருகிறது.
ஆனால் பூசின பிறகு, சுவரில் இருந்தபடியே,
சூளையில் விட்ட மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்
திரும்ப வாங்கிக்கொள்ளுமாம்.
கடன் அடைக்கிற சாமான் என்றாள் அம்சவேணி.
அவளுக்குப் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்த கொத்தனார் மாதையன்
எதையும் பூசவில்லை.
ஏணியில் ஏறி சன்ஷேடின் அடியை விரலால் தடவினார்.
"இங்க ஒரு கோடு வெட்டாம உட்டுட்டாங்க.
விளிம்புல சொட்ட வேண்டிய தண்ணி
அடியோடவே நடந்து சுவத்துக்கு வருது.
மொதல்ல கோடு. பொறவு பேசலாம் உங்க பூமியப் பத்தி."

பதினாலு வருஷமாக ஒழுகியது
ஒரு விரல் அகலம்.

வெட்டுகிற மெஷினுக்கு வாடகை முந்நூறு ரூபாய்.
முக்கால் மணி நேரம்.
விழுந்த தூசியை அம்சவேணி ஒரே முறத்தில் அள்ளினாள்.

பெயர்ந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு, இரண்டு மூட்டை.
இரவு ஷிப்டில் யாரும் இல்லாதபோது
எக்ஸ்எல்லை மேடையில் ஏற்றினேன்.
மூட்டைகள், வண்டி, நான்:
இருநூறு.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது,
லாரிகளுக்குச் செய்தது.
ஆனாலும் சீட்டு அடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இடித்தெடுத்த பழைய காரை
ஏழு சாக்கில் வாசலில் கிடக்கிறது.
திருமணிமுத்தாற்றோரம் கொட்டிடலாம் அண்ணா,
ஒருத்தரும் கேக்க மாட்டாங்க என்கிறான் ஆட்டோக்காரன்.
கேட்க மாட்டார்கள்தான்.

மழை பிடித்துக்கொண்டது.
அம்சவேணி டார்ச் அடித்துப் பார்க்கிறாள்:
தண்ணீர் கோடு வரை வருகிறது, தயங்குகிறது,
நேராக விழுகிறது.
"வாங்க, வந்து பாருங்க" என்கிறாள்.

வாசலில் ஏழு சாக்கும் நனைந்து
எடை கூடிக்கொண்டிருக்கிறது.